தலைவாசல் – 14: தட்டி கட்டும் காலம்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற பஸ்ஸில் வலதுபக்க ஜன்னலோரம் இடம் கிடைத்தால் மலை கூடவே வரும். தென்னந்தோப்பு மறைக்கும், விலகும், மறுபடியும் மலை. வன்னியம்பட்டி விலக்கில் இறங்கி உள்ளே நடந்தால் அத்தை வீடு. வடக்குப் பார்த்த வாசல். வாசலுக்கு இரண்டு பக்கமும் திண்ணை, மேலே பனங்கையில் நாட்டு ஓடு போட்ட சாய்ப்பு. நான் விடுமுறைக்குப் போய் வளர்ந்த வீடு அது.

போன வாரம் திண்ணைத் தூண்களைப் பற்றி எழுதினேன். இந்த வாரம் அந்தத் தூண்களுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தைப் பற்றி. கடிதம் எழுதியவர்களில் பாதிப் பேருக்கு மேல் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “முன்பக்கத்தை அடைச்சு ஒரு அறை மாதிரி பண்ணிக்கலாமா?” அத்தை வீட்டில் நடந்ததைச் சொன்னாலே பதில் கிடைத்துவிடும்.

அத்தை புரட்டாசி கடைசியில் கிடுகுத் தட்டி கட்டுவார். ஐப்பசி மழை இந்தப் பக்கம் வடகிழக்கிலிருந்து சாய்ந்து வரும். வடக்குப் பார்த்த திண்ணை என்றால் நேராக முகத்தில்தான் அடிக்கும். தோப்பிலிருந்து வந்த தென்னங்கிடுகை மூங்கில் பட்டையில் வைத்துக் கத்தாழை நாரால் வரிந்து, தூணுக்குத் தூண் நிறுத்திக் கட்டினால் திண்ணை ஓர் அறையாகிவிடும். உள்ளே பச்சை ஓலை வாசனை. மழை ஓலையில் விழுகிற சத்தம் ஓட்டில் விழுகிற சத்தத்தைவிட மெல்லியதாக இருக்கும். மார்கழிப் பனிக்கும் அதே தட்டிதான் காவல். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அவிழ்த்துவிடுவார். காய்ந்த கிடுகு வெந்நீர் அடுப்புக்குப் போகும். தை பிறந்ததும் திண்ணை பழையபடி தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொள்ளும்.

வருஷத்துக்கு மூன்று மாதம் அறை, மீதி நாள் திண்ணை. இப்படி ஒரு ஏற்பாடு இருந்ததை நாங்கள் யாரும் ஒரு கட்டடமாகவே நினைக்கவில்லை. அதுதான் எங்கள் தப்பு.

அத்தைக்கு வயதாகி, தட்டி கட்டும் தெம்பு போயிற்று. மார்கழி இருமலும் சேர்ந்துகொண்டது. வெளியூரில் வேலை பார்க்கும் அத்தான் ஒரு லீவில் வந்து முடிவெடுத்தார். சாய்ப்பைப் பிரித்தாயிற்று. இரும்புக் குழாயில் சட்டம், மேலே கலர் ஷீட், மூன்று பக்கமும் தள்ளிவிடுகிற கண்ணாடி ஜன்னல். அம்மா நனையக் கூடாது, கொசு கடிக்கக் கூடாது, நாய் உள்ளே வரக் கூடாது என்ற அக்கறைதான் எல்லாம். நானும் கூட இருந்து தலையாட்டினேன்.

கார்த்திகையில் வேலை முடிந்தது. அந்த மழைக்கு ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. அத்தை கட்டிலை அங்கேயே போட்டுக்கொண்டார். மார்கழியும் இதமாகப் போயிற்று. மாசி முடியும்போது கட்டில் கூடத்துக்குத் திரும்பிற்று. பங்குனியில் மதியம் அங்கே கால் வைக்க முடியவில்லை. “அடுப்புக்குள்ள உக்காந்த மாதிரி இருக்குய்யா” என்றார் அத்தை. ராத்திரி பத்து மணிக்கும் அந்தச் சுவர் சூடாகவே இருந்தது.

காரணம் எளிது. கண்ணாடி வெயிலை உள்ளே விடும். உள்ளே தரையும் சுவரும் கட்டிலும் சூடாகி வெளியேற்றுகிற வெப்பத்தை வெளியே விடாது. மேலே ஷீட் தன் பங்குக்குக் காய்ந்து தலையில் இறக்கும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பழைய பங்களாக்களில் முன்பக்கம் கண்ணாடி அடைத்த வராந்தா இருக்கும். இரண்டாயிரம் மீட்டர் உயரத்துக் குளிரில் இருக்கிறவர்களுக்கு ஒவ்வொரு கீற்று வெயிலும் சம்பாத்தியம். அதைப் பிடித்து வைக்கத்தான் அந்தக் கண்ணாடி. குளிர்நாட்டு வீடுகளில் இருப்பதும் அதேதான். அதைக் கழற்றி வந்து மலை அடிவாரத்துச் சமவெளியில் மாட்டினால், வேண்டாத விருந்தாளியை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திய கதை.

வெயில் எங்கிருந்து வருகிறது என்பதையும் நாங்கள் யோசிக்கவில்லை. வடக்கு வாசலுக்கு வெயில் வராது என்று பொதுவாகச் சொல்வார்கள். வட இந்தியாவுக்கு அது சரி. இந்த ஊர் கிட்டத்தட்ட ஒன்பதரை டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை பிறக்கும் சமயத்தில் உச்சிச் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே நிற்கும். நட்டு வைத்த கம்புக்கு நிழல் காலடியிலேயே விழும். அதற்குப் பிறகு ஆவணி நடு வரைக்கும் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே. ஆனி மாதம் வடக்கு வாசலில்தான் உச்சி வெயில் அடிக்கும், தெற்குச் சுவர் நிழலில் இருக்கும். ஆனால் அது மிகவும் செங்குத்தான வெயில். இறவாரம் தரையிலிருந்து ஏழடி உயரத்தில் இருந்தால், ஆனி உச்சியில் ஒன்றே முக்கால் அடிக்கு மேல் உள்ளே வராது. அத்தையின் பழைய சாய்ப்பு இறவாரத்தைத் திண்ணைக்கு வெளியே இரண்டடி நீட்டி வைத்திருந்தது. கட்டியவர் கணக்குப் போட்டாரோ, கண்ணால் பார்த்தே வைத்தாரோ, சரியாக வைத்தார். நாங்கள் போட்ட ஷீட் சட்டத்தோடு நின்றுவிட்டது, நீட்டமே இல்லை.

பிறகு ஆடி வந்தது. செங்கோட்டைக் கணவாய்ப் பக்கமிருந்தும் மலை இடுக்குகளிலிருந்தும் மேல்காற்று இறங்கும் மாதம். ஆண்டாள் கோயிலில் ஆடிப்பூரத் தேர் ஓடும்போது வடத்தைப் பிடித்தவர்கள் முகத்தில் புழுதி அடிக்கும் அதே காற்று. வெக்கை தாங்காமல் அத்தை மேற்குக் கண்ணாடியைத் திறந்து வைத்திருந்தார், கிழக்கே சாத்தியிருந்தது. ஒரு மத்தியானம் ஓரத்து ஷீட் ஒன்று திருகாணியோடு பிய்ந்து பக்கத்துக் களத்தில் போய் விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை.

அப்போதுதான் ஒரு பழைய கொத்தனாரைக் கூப்பிட்டோம். வந்தவர் கால் மணி நேரம் ஒன்றும் பேசாமல் சுற்றிப் பார்த்தார். “காத்துக்கு வர்ற வழியும் இருக்கணும் பெரியம்மா, போற வழியும் இருக்கணும். வர்ற வழிய மட்டும் விட்டீகன்னா, போறதுக்கு அது கூரையத்தான் தூக்கும்” என்றார். எந்தப் பொறியியல் புத்தகத்தைத் திறந்தாலும் இதைத்தான் பத்துப் பக்கத்துக்கு எழுதியிருப்பார்கள்.

அவர் செய்த வேலையை விவரமாகவே சொல்கிறேன், கேட்டவர்களுக்கு உதவும்.

முதலில் அஸ்திவாரம். பழைய வீடு நாற்பது வருஷமாக உட்கார்ந்து அமுங்கிய இடம். புதுத் தூண் இனிமேல்தான் அமுங்க வேண்டும். இரண்டையும் கம்பியால் சேர்த்துக் கட்டினால் சேருகிற இடத்தில் வெடிப்பு விழும். கரிசல் கலந்த மண் என்றால் கேட்கவே வேண்டாம், மழைக்கு உப்பி வெயிலுக்குப் பிளக்கிற மண் அது. ஆகவே புதுத் தளத்துக்கும் பழைய சுவருக்கும் நடுவே அரை அங்குலம் விட்டு, அதில் தார் ஊற்றினார். தூண்களுக்குத் தனியாகக் குழி, தனி அஸ்திவாரம். முன்பக்கத்துக்குக் கான்கிரீட் கூரை வேண்டாம் என்று சொன்னதற்கும் இதுவே காரணம். ஓட்டுக் கூரை லேசாக அசைந்து கொடுக்கும், கான்கிரீட் கொடுக்காது.

நாட்டு ஓடு வேயத் தெரிந்த ஆள் இப்போது அரிது. அதனால் சீமை ஓடு. 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் பாதிரியார்கள் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய அதே மாதிரி ஓடுதான். ஓட்டுக்கு ஓடு இருக்கும் சின்ன இடுக்குகளில் சூடான காற்று மேலே கசிந்து போய்விடும். சாய்ப்பின் இரண்டு பக்கத்திலும் வருகிற முக்கோணத்தை அடைக்காமல் கம்பி வலை மட்டும் அடித்தார். அந்த முக்கோணம் முக்கியம். மற்றதெல்லாம் சாத்தியிருக்கும் மழைநாளிலும் மூச்சு விடுவது அது வழியாகத்தான்.

கூரை சுவரில் போய்ச் சேருகிற இடத்தில் சுவரைக் காடி வெட்டி, தகடு செருகி, அதன் கீழே ஓட்டை நுழைத்துப் பூசினார். வெறும் சிமெண்டை அப்பிவிட்டுப் போனால் முதல் மழைக்கே அங்கேதான் ஒழுகும். தரையை வீட்டுத் தரையைவிட ஒன்றரை அங்குலம் இறக்கி, தெருப் பக்கமாக ஐந்தடிக்கு ஓர் அங்குலம் வாட்டம் கொடுத்தார். சாரல் எப்படியும் கொஞ்சம் உள்ளே வரும். வந்தது தானாக வெளியே போக வேண்டும்.

அதன்பிறகு வந்தது தட்டி. தூணுக்குத் தூண் அழிக்கம்பி நிரந்தரம். அதன் உட்பக்கம் கொண்டி மாட்டிக் கழற்றுகிற மாதிரி சட்டங்கள். ஒரு செட் கொசுவலை, இது எப்போதும். மழைக்கு மூங்கில் பிளாச்சுத் தட்டி, பின்னால் தார்ப்பாய் தைத்தது. கோடைக்கு வெட்டிவேர்த் தட்டி, சாயங்காலம் தண்ணீர் தெளித்து வைக்க. வெட்டிவேர் பங்குனி, சித்திரையில்தான் வேலை செய்யும், ஏனென்றால் காற்று காய்ந்திருந்தால்தான் தண்ணீர் ஆவியாகிக் குளிரும். ஐப்பசியில் அதைத் தொங்கவிட்டால் பூசணம்தான் பிடிக்கும். பழைய கண்ணாடியில் இரண்டு பலகையை மட்டும் வடகிழக்கு மூலையில் தலைக்கு மேலே வைத்தோம், எல்லாம் அடைத்திருக்கும் மழைப்பகலில் அத்தை அரிசி பொறுக்க வெளிச்சம் வேண்டும் என்பதற்காக. ஒரு சட்டம் அத்தை ஒற்றைக் கையால் தூக்குகிற எடை. அவரே தூக்கிப் பார்த்துத்தான் அளவு முடிவாயிற்று.

ஜப்பானில் பழைய வீடுகளைச் சுற்றி எங்காவா என்றொரு மர ஒட்டுத்திண்ணை உண்டு. புயலுக்கும் இரவுக்கும் அதன் வெளி விளிம்பில் மரப்பலகைகளை வரிசையாகத் தள்ளிச் சாத்துவார்கள், விடிந்ததும் தள்ளி ஓரத்தில் இருக்கும் ஒரு பெட்டிக்குள் அடுக்கிவிடுவார்கள். அத்தை வீட்டிலும் உள்ளே பரண் ஒன்றைத் தட்டிகளுக்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். வைக்க இடமில்லாத தட்டி கழற்றப்படாமலேயே போய்விடும், பிறகு அது சுவர்தான்.

சட்டம் பற்றி இரண்டு வரி. 2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி வீட்டுக்கு முன்னால் விடவேண்டிய இடம் தெருவின் அகலத்தைப் பொறுத்தது. அந்த இடத்தைத் தொடாமல் உங்கள் சாய்ப்பு முடிகிறதா என்று கட்டும் முன்பே ஊராட்சியிலோ நகராட்சியிலோ கேட்டுவிடுங்கள். ரோட்டை அகலப்படுத்தும்போது முதலில் இடிபடுவது முன்பக்கம்தான்.

அடைப்பது என்றதும் எனக்கு ஒரு கவலை இருந்தது, இப்போதும் இருக்கிறது. மழைக்கு ஒதுங்க இடம் கொடுத்த வாசல்கள் இருந்த நாடு இது. திருக்கோவலூரில் ஒரு மழை இரவில் பொய்கையாழ்வார் ஒரு வீட்டு இடைகழியில் படுத்திருந்தார், பூதத்தாழ்வார் வந்ததும் இருவரும் உட்கார்ந்தார்கள், பேயாழ்வார் வந்ததும் மூவரும் நின்றார்கள் என்பது வைணவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. முன்பின் தெரியாத மூன்று பேர், கதவைத் தட்டி வந்து நின்ற இடம். தஞ்சாவூர்ப் பக்கம் ரேழி என்கிறார்களே, அந்த இடைகழிதான் மருவி ரேழியானது. பெரியாழ்வாரும் ஆண்டாளும் பிறந்த ஊருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அழிக்கம்பி போட்டுப் பூட்டுகிற வேலையை எந்த முகத்தோடு செய்வது?

அத்தைக்கும் அந்தச் சங்கடம் இருந்திருக்கிறது. அளவு குறிக்கும் அன்று கொத்தனாரிடம், “கம்பிய ரொம்ப வெளிய தள்ளிராதீக. தெருவுல போறவுக உக்கார ஒன்றரை அடி விட்ருங்க” என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை.

அப்படியே விட்டோம். அழிக்கம்பிக்கு வெளியே, நீட்டி வைத்த இறவாரத்தின் நிழலில், ஒன்றரை அடி அகலத்துக்குச் சிமெண்ட் பூசிய ஒட்டுத்திண்ணை. கார்த்திகையில் கறுப்பு வேட்டியோடு செங்கோட்டை வழியாகச் சபரிமலைக்கு நடந்து போகிற சாமிமார்கள் சில பேர் இந்தத் தெருவுக்குள் தண்ணீர் கேட்டு வருவார்கள். போன மழைக்கு நான் அங்கே இருந்தபோது நான்கு பேர் அந்தத் திண்ணையில் கால்களை மடக்கிக்கொண்டு ஒண்டியிருந்தார்கள். உள்ளே தட்டி போட்டிருந்தது, அத்தை கட்டிலில். சாரல் திசை மாறி அவர்கள் தோளில் அடிக்க ஆரம்பித்ததும் அத்தை எழுந்து ஒரு சட்டத்தின் கொண்டியைக் கழற்றினார்.

(தொடரும்)