பழைய துவக்கின் ஆயுள்

மாத்தளை நகரத்திலிருந்து இறத்தோட்டை வழியாக றிவஸ்டனை நோக்கி ஏறும் பாதையில் செல்பவர், சில மணி நேரப் பிரயாணத்துக்குள்ளாகவே வெயிலை விட்டு மூடுபனிக்குள்ளும், மூடுபனியை விட்டுக் காற்றோடு சாய்ந்தடிக்கும் சாரலுக்குள்ளும் புகுந்துவிடுவார். அதே நகரத்திலிருந்து வடக்கே நாவுல வழியாகத் தம்புள்ளைக்குப் புறப்பட்டவரோ, வானத்தைப் பார்த்துக் குளங்களை நம்பி வாழும் வறண்ட பிரதேசத்தை அடைவார். ஒரே மாவட்டத்துக்குள் இவ்வளவு மாறுபட்ட இரண்டு சீதோஷ்ணங்கள் அமைந்திருப்பது பயிர்த்தொழிலுக்குப் பெரும் பாக்கியம். மிளகும் கராம்பும் கொக்கோவும் தேயிலையும் நெல்லும் வெங்காயமும் இம்மண்ணில் அருகருகே விளைவதற்கு அதுவே காரணம். ஆனால் இரும்பும் மரமும் ஒன்றையொன்று தழுவி நிற்கும்படி செய்யப்பட்ட ஒரு பொருளுக்கு, அதிலும் எண்பது நூறு வருஷங்களுக்கு முன் சீமையிற் செய்யப்பட்ட ஒரு வேட்டைத் துவக்குக்கு, இது மிகக் கடினமான பரீட்சை. அந்தப் பரீட்சையில் ஒரு பழைய துவக்கு எவ்வாறு தேறுகிறது, எவ்வாறு தோற்கிறது என்பதே இங்கே நாம் ஆராயப் புகுந்த விஷயம்.

மாத்தளைக்கும் துவக்குக்கும் உள்ள சம்பந்தம் சரித்திரப் பிரசித்தமானது. 1848-ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதலாந் திகதி தொட்டு டொரிங்டன் தேசாதிபதியின் அரசாங்கம் விதித்த புதிய வரிகளுள், நாய்க்கும் கடைக்கும் வண்டிக்கும் விதித்தவற்றோடு, துவக்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டரை ஷில்லிங் என்ற வரியும் ஒன்று. சேனைப் பயிரைப் பன்றியிடமிருந்தும் யானையிடமிருந்தும் காப்பதற்குத் துவக்கையே நம்பியிருந்த குடியானவனுக்கு, இது தன் கைக்கோலுக்கு வரி கேட்பதைப் போலத் தோன்றியதில் வியப்பில்லை. இவ்வரிகளால் மூண்ட கிளர்ச்சியில், அம்மாதம் 26-ஆந் திகதி தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டதும், இரண்டு நாட்களில் கிளர்ச்சிக்காரர் மாத்தளைக்குள் புகுந்ததும், ஆகஸ்ட் 8-ஆந் திகதி கிளர்ச்சித் தலைவன் புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டதும், செப்டெம்பரில் பண்டா எல்கடுவையில் பிடிபட்டதும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த வரலாறு. அந்தக் காலத்துத் துவக்குகள் வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டு இடிக்கப்படுபவை. ஒருமுறை சுட்டபின் மறுமுறை சுடுவதற்குள் காயம்பட்ட விலங்கு வேட்டைக்காரனை அடைந்துவிடலாம். மழையில் மருந்து நனைந்தால் துவக்கு வெறும் தடியாகிவிடும்.

நாம் பேச எடுத்துக்கொண்ட வேட்டைத் துவக்காகிய போல்ட் துவக்கு இம்மலைகளுக்கு வந்தது அதற்கு அரை நூற்றாண்டின் பின்னரே. 1869-இல் கோப்பிச் செடியின் இலைகளில் தோன்றிய துருநோய் ஒரு தலைமுறைக்குள் கோப்பித் தோட்டங்களை அழித்து, அவற்றின் இடத்தில் தேயிலையை அமர்த்திய பின், அத்தேயிலைத் தோட்டங்களின் பங்களாக்களில் துரைமாரின் சுவர்களை இத்துவக்குகள் அலங்கரிக்கத் தொடங்கின. கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு 1900-இல் அமைக்கப்பட்ட இலங்கைத் தோட்டத்துரைமார் றைபிள் படை, மலைநாட்டுத் துரைமார் பலருக்கு இவ்வாயுதத்தைப் பிரயோகிக்கவும் பேணவும் முறைப்படி பயிற்சி தந்தது. 1914-இல் யுத்தத்துக்குக் கப்பலேறி, எகிப்திலும் கலிப்பொலியிலும் சேவை செய்த அப்படை 1949-இல் கலைக்கப்பட்டது. படை போயிற்று, பின்னர் எழுபதுகளின் காணிச் சீர்திருத்தத்தோடு துரைமாரும் போயினர். ஆனால் அக்காலத்துத் துவக்குகள் இன்றும் உலகெங்கும் சிலர் கையில் பழுதின்றி வேலை செய்கின்றன. அவ்வளவு நீண்ட ஆயுள் அவற்றுக்கு எப்படி வாய்த்தது?

வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை நினைத்துக்கொண்டால் இவ்வியந்திரத்தின் தத்துவம் விளங்கிவிடும். முன்னே தள்ளினால், போல்ட் என்னும் அந்த எஃகு உருளை பெட்டியிலிருந்து ஒரு ரவையை எடுத்துக் குழலின் அடியில் நுழைக்கிறது. பிடியைக் கீழே திருப்பினால், அதன் காதுகள் எஃகுக் கூட்டின் பள்ளங்களில் போய் மாட்டிக்கொள்கின்றன. சுட்டபின் திருப்பி இழுத்தால் வெறுங்கோது வெளியே விழுகிறது. 1898-இல் ஜெர்மனியில் உருவான மவுசர் துவக்கில் இக்காதுகள் இரண்டு போல்ட்டின் முன்னணியில் இருக்கின்றன. அவை தவறினாலும் தாங்கிக்கொள்வதற்கென்று பின்னால் மூன்றாவது ஒன்றும் வைக்கப்பட்டது. குமாவுன் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிய ஜிம் கோர்பெட்டுக்கு, சம்பாவத் புலியைக் கொன்றமைக்காக 1907-இல் பரிசளிக்கப்பட்ட லண்டன் ரிக்பி கம்பனியின் துவக்கும் இந்த மவுசர் அமைப்பைக் கொண்டதே. அதே 1907-இல் பிரித்தானியப் படை ஏற்றுக்கொண்ட மூன்றாம் மாதிரிக் குறு லீ என்பீல்டு துவக்கிலோ காதுகள் பின்னால் இருக்கின்றன. பத்து ரவை கொள்ளும் அதன் பெட்டியும், சேற்றிலும் தடைப்படாத அதன் ஓட்டமும் அதற்குப் பெரும் பெயர் தந்தன. இவை இரண்டிலும் அசையும் உறுப்புக்கள் மிகச் சில. ஒவ்வொன்றும் கண்ணாற் காணவும் கையாற் கழற்றவும் கூடியது. நெடுங்காலம் உழைப்பதன் இரகசியம் இந்த எளிமையே.

எளிமையான பொருளுக்கும் பகைவர் உண்டு. முதற் பகைவன் கறள். இரும்பு ஈரத்தாற் கறள் பிடிக்கும் என்பது யாவரும் அறிந்ததாயினும், துவக்குக் குழலின் கறளுக்குப் பெரும்பாலும் மூலகாரணம் மழை என்பதைவிட உப்பு என்பதே பொருந்தும். பழைய ரவைகளின் அடியில் உள்ள கேப்பில் பொட்டாசியம் குளோரேட் என்ற இரசாயனம் இருந்தது. அது வெடித்தபின் குழலுக்குள் பொட்டாசியம் குளோரைட் என்னும் உப்பாகப் படிந்துவிடும். அந்த உப்பு, மாரிக்காலத்தில் அடுக்களையில் உள்ள கறியுப்பு கசிவதைப் போலவே, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு எஃகைத் தின்னத் தொடங்கும். இங்கேதான் பலர் தவறிழைத்தனர்: எண்ணெய் பூசினாற் போதும் என்று நினைத்தனர். எண்ணெயில் உப்புக் கரையாது. உப்பின்மேல் எண்ணெய் போர்வையாகக் கிடக்க, போர்வையின் கீழே சேதம் நடந்துகொண்டிருக்கும். நீரால் வந்த கேட்டுக்கு நீரே மருந்து என்பது விந்தையாகத் தோன்றினும் உண்மை. சுட்ட அன்றே கொதிநீரைக் குழல் வழியே ஊற்றி, அந்தச் சூட்டிலேயே குழல் உலர்ந்தபின் துணியால் துடைத்து, அதன்பின் மெல்லிய எண்ணெய் பூசுவதே பிரித்தானியச் சிப்பாய்க்குக் கற்பிக்கப்பட்ட முறை. றிவஸ்டன் சாரலில் நனைந்து திரும்பிய ஒருவன், களைப்பினால் இந்த அரைமணி நேர வேலையை மறுநாளைக்கு ஒத்திவைத்தால், ஐம்பது வருஷம் உழைக்கக்கூடிய குழல் ஓரிரவில் மூப்படைய ஆரம்பித்துவிடும்.

இரண்டாவது பகைவன் வெப்பம். புகையில்லா வெடிமருந்தாகிய கோர்டைட், கயிறுபோல் நீண்ட இழைகளாகச் செய்யப்பட்டது. அதன் முதல் வகையில் நூற்றுக்கு 58 பங்கு நைட்ரோகிளிசரின் இருந்தமையால், அது எரியும்போது எழும் கடுஞ்சூடு குழலின் உட்புறத்தை அரித்தது. குண்டைச் சுழலச் செய்வதற்காகக் குழலினுள் வெட்டப்பட்டிருக்கும் திருகுவரிகள், 1888-இன் லீ மெட்போர்டு துவக்கில் ஆழமற்றவையாக இருந்தபடியால், விரைவில் தேய்ந்துபோயின. இதற்குப் பரிகாரமாகவே 1895-இல் ஐந்து ஆழமான வரிகளைக் கொண்ட என்பீல்டு குழல் வந்தது. இன்று ஒரு பழைய துவக்கைக் கையிலெடுப்பவர், வெளியே உள்ள பளபளப்பைக் கண்டு மயங்காமல், வெள்ளைத் துணியை அடியிலும் வெளிச்சத்தைப் பின்னாலும் வைத்துக் குழலினுள் பார்க்கவேண்டும். வரிகளின் விளிம்பு கூர்மையாக இருந்தால் இன்னும் உயிர் இருக்கிறது. மங்கிக் குழிவிழுந்து காணப்பட்டால் குண்டு இலக்கை மதிக்காது.

மூன்றாவது பகைவனை நம் மாவட்டம் நன்றாக அறியும். அது மரம் கொள்ளும் விகாரம். துவக்கின் கட்டை பெரும்பாலும் வால்நட் மரத்தாலானது. எவ்வளவு பதப்படுத்திய மரமும் மாரியில் ஈரங்குடித்துப் பருத்து, கோடையில் உலர்ந்து சுருங்கும். தம்புள்ளை வெயிலில் இறுகப் பூட்டிய துவக்கை உக்குவளை மழைக்குக் கொண்டுவந்தால், பருத்த மரம் குழலை ஒரு பக்கமாக நெருக்கி, நேற்றுவரை நேராகச் சென்ற குண்டை இன்று விலகச் செய்யும். குறிபார்த்தவன் தன் கண்ணை நோவான். கட்டைக்கு ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாக, கையின் சூட்டால் தேய்த்துத் தேய்த்து ஊறவைப்பதும், திருகாணிகளின் இறுக்கத்தைப் பருவந்தோறும் பார்ப்பதுமே இதற்கு வழி. எஃகின் அசையும் பாகங்களுக்கு அடுக்களை எண்ணெய் எதையும் இடலாகாது. அது நாளடைவில் பிசின்போல் கெட்டியாகி, போல்ட்டையும் உள்ளிருக்கும் சுருள்வில்லையும் பிடித்துக்கொள்ளும். இன்னுமொன்று: அழகான தோலுறைக்குள் துவக்கை மாதக்கணக்காக வைத்திருப்பது அன்பினாற் செய்யும் கேடு. தோல் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். உறை, பிரயாணத்துக்கு மட்டுமே உரியது.

இவை பராமரிப்பாற் காக்கக் கூடியவை. பராமரிப்பினாலும் மாற்றமுடியாத குறைகளும் உண்டு. அவற்றை நேர்மையாக ஒப்புக்கொள்வதே உயிர்களைக் காக்கும். போல்ட்டின் முகத்துக்கும், ரவையின் அடிவிளிம்பு அமரும் குழலின் அடிமுகத்துக்கும் இடையே இருக்கவேண்டிய இடைவெளி, லீ என்பீல்டு இனத்தில், ஓர் அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கு அளவில் 64-க்குக் குறையாமலும் 74-க்கு மேற்படாமலும் இருக்கவேண்டும் என்பது விதி. காதுகள் தேயத்தேய இவ்விடைவெளி பெருகும். எல்லை கடந்தால் பித்தளைக் கோது நீண்டு கிழிந்து, கொதிக்கும் வாயு சுடுபவரின் முகத்தை நோக்கித் திரும்பும். இதை அளவுகோல் கொண்டு பரிசோதிக்கவேண்டுமேயன்றிக் கண்மதிப்பினால் அன்று. கண்மதிப்பின் ஆபத்துக்கு அமெரிக்கா ஓர் உதாரணம் தந்தது. அங்கே 1903-இன் ஸ்பிரிங்பீல்டு துவக்குகளின் எஃகுக் கூடுகளைக் காய்ச்சிய கம்மியர், உலோகத்தின் நிறத்தைக் கண்ணாற் பார்த்தே சூட்டை நிர்ணயித்தனர். வெயிற்பிரகாசமான நாளில் காய்ந்த இரும்பு மங்கலாகத் தோன்றவே, மேலும் காய்ச்சி, அதை நொறுங்கும் தன்மையுடையதாக்கிவிட்டனர். முதலாம் உலக யுத்தக் காலத்தில் சில கூடுகள் வெடித்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. எட்டு லட்சத்துக்குக் குறைந்த தொடரிலக்கமுள்ள ஸ்பிரிங்பீல்டு தொழிற்சாலைத் துவக்குகளைச் சுடலாகாது என்று அறிந்தோர் இன்றும் எச்சரிக்கிறார்கள்.

ரவையின் முதுமையும் அவ்வாறே. பிரித்தானிய இந்தியாவில் மழைக்காலந்தோறும், குதிரை லாயங்களுக்கருகே சேமித்துவைத்த ரவைகளின் பித்தளைக் கோதுகள் காரணமின்றி வெடிப்புற்றன. மிருக மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா ஆவி, அழுத்தத்தில் இருக்கும் பித்தளையைப் பிளக்கிறது என்ற விளக்கம் 1921-இல் வெளிவந்தது. நம் கீழைநாட்டு மாரி உலகத்துக்குக் கற்பித்த பாடம் அது. ஆகையால் தாத்தா வைத்துப்போன ரவைகளை எண்ணிப் பார்க்கலாம், சுட்டுப் பார்க்கலாகாது.

வேட்டை என்ற சொல்லையும் இங்கே கடந்து போதல் நியாயமன்று. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் மேஜர் றொஜர்ஸ் என்பவர் ஒருவரே இத்தீவில் ஆயிரத்து நானூறு யானைகளைக் கொன்றதாகச் சொல்லப்படுவதை இன்று படிக்கும்போது நெஞ்சு கூசுகிறது. வேட்டையாடியவர்களிடமிருந்தே அதற்கு எதிர்க்குரலும் எழுந்தது. 1894-இல் அவர்கள் அமைத்த பிராணி பாதுகாப்புச் சங்கமே இன்றைய வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் மூலம். 1937-இன் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புச் சட்டம் காட்டைக் காவல் செய்கிறது. 1916-இன் சுடுகலன் சட்டத்தின்படி அநுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருத்தல் குற்றம். அப்பத்திரத்தையும் ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். பன்றி கிண்டிய வயலைக் கண்டு கண்ணீர் விடும் விவசாயியின் துயரம் 1848-இல் இருந்ததுபோலவே இன்றும் உண்மையானது. எனினும் பழைய துவக்கு அத்துயரத்துக்குச் சட்டத்தின் வழியே அன்றி வேறு வழியில் பயன்படலாகாது. காட்டுப்பாதையில் கம்பி கட்டி வைக்கும் கட்டுத்துவக்கு, பன்றியையும் பாதை தவறிய மனிதனையும் வேறுபடுத்தி அறியாது.

நம் தோட்டங்களில் ஆயுத பூசையன்று கவ்வாத்துக் கத்தியையும் மண்வெட்டியையும் தொழிற்சாலை இயந்திரத்தையும் கழுவித் துடைத்துச் சந்தனமிடுவது நெடுநாளைய சம்பிரதாயம். வடகீழ்ப் பருவமழைக்குச் சற்று முன்னே அத்திருநாள் வருவது, கருவியைப் பேணுவோருக்கு மிகவும் பொருத்தமான காலக்குறிப்பு. அநுமதிப்பத்திரத்தோடு ஒரு பழைய துவக்கை வைத்திருக்கும் குடும்பம், அந்நாளில் அதை வெளியே எடுத்து, முதலில் ரவை எதுவும் உள்ளே இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் நிச்சயப்படுத்தி, போல்ட்டைக் கழற்றி, குழலைத் துடைத்து, கட்டைக்கு எண்ணெயிட்டு, உலர்ந்த இடத்தில் பூட்டி வைக்கட்டும். இடைவெளியையும் எஃகையும் தேர்ந்த கம்மியரிடம் காட்டி, அவர் வேண்டாமென்றால், அன்றோடு சுடுவதை நிறுத்தி, அதை அரும்பொருளாக மட்டும் பேணட்டும். பேண இயலாதவர்கள் மறைத்து வைக்காமல் உரிய அதிகாரிகளிடம் ஒப்படைப்பார்களாக.

நூறு வயதுத் துவக்கு நம்பத்தக்கதா என்று கேட்பவருக்கு விடை இதுவே: செய்தவன் கை சரியாயிருந்து, ஒவ்வொரு முறை சுட்டபின்னும் வைத்திருந்தவன் அந்த அரைமணி நேரத்தைக் கொடுத்திருந்தால், நம்பலாம், இவற்றில் ஒன்று தவறியிருந்தாலும் நம்பலாகாது.