முன்கூட்டிக் கட்டிய குத்தகை முழுவதும் இவ்வாண்டுச் செலவா?

பண்ணைக் கணக்கு எழுதும் உழவர்கள் பலர், கையை விட்டுப் போன பணம் அனைத்தையும் அந்த ஆண்டின் செலவாகவே எழுதிவிடுகின்றனர். இதனால் கணக்கு இருந்தும் அது சரியான வழியைக் காட்டுவதில்லை.

முன்செலவு என்பது எது?

பணத்தை இன்று கட்டி, பயனை வரும் ஆண்டுகளில் பெற்றால், பயன் பெறாத பகுதி முன்கூட்டிச் செலுத்திய செலவாகும். பல ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கட்டிய நிலக் குத்தகை, கறவை மாட்டுக் காப்பீட்டுத் தொகை ஆகியவை இவ்வகையைச் சார்ந்தவை. பயன் தீரும் வரை அப்பகுதி உங்கள் சொத்து, செலவு அன்று.

எடுத்துக்காட்டு

மூன்று ஏக்கர் நிலத்திற்கு 3 ஆண்டுக் குத்தகை ரூ.90,000-ஐ ஏப்ரல் முதல் நாளில் கட்டிவிட்டீர்கள் என்று கொள்வோம். ஆண்டு வருமானம் ரூ.2,00,000, பிற சாகுபடிச் செலவு ரூ.1,20,000.

முழுத் தொகையையும் முதல் ஆண்டில் எழுதினால்:
முதல் ஆண்டு – நட்டம் ரூ.10,000
இரண்டாம் ஆண்டு – இலாபம் ரூ.80,000
மூன்றாம் ஆண்டு – இலாபம் ரூ.80,000

ஆண்டுக்கு ரூ.30,000 வீதம் பிரித்து எழுதினால்:
ஒவ்வோர் ஆண்டும் இலாபம் ரூ.50,000

மூன்றாண்டு மொத்த இலாபம் இரண்டிலும் ரூ.1,50,000 தான். ஆனால் தனித்தனி ஆண்டின் கணக்கு பொய்யாகிறது.

விளையும் கேடுகள்

முதல் ஆண்டு நட்டத்தைக் கண்டு, இலாபம் தரும் பயிரையே நீங்கள் கைவிட நேரலாம். மூன்றாம் ஆண்டு முடிவில் நில உரிமையாளர் குத்தகையை ஆண்டுக்கு ரூ.60,000 ஆக உயர்த்திக் கேட்டால், கூடுதல் ரூ.30,000 போக ரூ.50,000 மிஞ்சும் என்று எண்ணி ஒப்புக்கொள்வீர்கள். உண்மையில் மிஞ்சுவது ரூ.20,000 மட்டுமே.

ஐந்தொகையிலும் பிழை ஏறும். முதல் ஆண்டு முடிவில் ரூ.60,000, இரண்டாம் ஆண்டு முடிவில் ரூ.30,000 சொத்து விடுபட்டுப் போகும். உங்கள் முதலும் அதே அளவு குறைந்து காணும். கடன் கேட்டு வங்கிக்குச் செல்லும்போது இது உங்களுக்கே பாதகம்.

எழுதும் முறை

1. கட்டிய முழுத் தொகையையும் ரொக்கப் புத்தகத்தில் அன்றே எழுதவும்.

2. ரசீதில் எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்று குறித்துக்கொள்ளவும்.

3. மார்ச் 31-இல் மீதிக் காலத்தைக் கணக்கிடவும். அக்டோபர் 1 முதல் ஓராண்டுக்கு ரூ.12,000 காப்பீடு கட்டியிருந்தால், இவ்வாண்டுச் செலவு ரூ.6,000. மீதி ரூ.6,000-ஐ ஐந்தொகையில் சொத்தாகக் காட்டவும்.

4. அம்மீதியை அடுத்த ஆண்டின் செலவில் தவறாமல் சேர்க்கவும். தீர்ந்த பகுதியைத் தொடர்ந்து சொத்தாகக் காட்டினால் இலாபம் மிகையாகத் தோன்றும்.

கவனிக்க வேண்டியவை

ஆண்டு முடிவில் கொட்டகையில் மீந்துள்ள உர மூட்டைகளை இருப்புச் சரக்காகக் காட்டவும். பெயர் வேறாயினும் விதி ஒன்றே. நிலத்தை ஒப்படைக்கும்போது திரும்பக் கிடைக்கும் முன்பணம் எந்த ஆண்டிலும் செலவு ஆகாது. திரும்பப் பெறும் வரை அது சொத்தே.

ஆகவே உழவர் பெருமக்கள் ஒவ்வொரு மார்ச் முடிவிலும் ரசீதுகளை எடுத்துவைத்து, பயன் தீர்ந்தது எவ்வளவு, மீந்தது எவ்வளவு என்று பிரித்து எழுதுவார்களாயின், எந்தப் பயிர் உண்மையில் கை கொடுக்கிறது என்பதைத் தெளிவாக அறிந்து பயன் பெறலாம்.