உங்களுக்குத் தெரியுமா? கோழி திருடியவரோடு மீன் பிடிக்கப் போன ஜட்ஜ்!

அமெரிக்காவின் தென்பகுதி. கென்டக்கி மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். வருஷம் 1890. கோர்ட்டில் கோழித் திருட்டு விசாரணை நடக்கிறது. நீதிபதியோ ஹாயாகப் பேப்பர் படிக்கிறார்! தீர்ப்பு? நீதிபதியும் பிடிபட்டவரும் ஜோடியாக மீன் பிடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள்! 1934-ல் வெளியான ‘ஜட்ஜ் பிரீஸ்ட்’ இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

இந்தக் காமெடியை இயக்கியவர் யார் தெரியுமா? கௌபாய் படங்களுக்குப் பேர்போன ஜான் ஃபோர்டு! சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கரை 4 முறை வென்றவர். அந்த நாலில் கௌபாய் படம் எத்தனை? பூஜ்யம்!

நீதிபதியாக நடித்த வில் ராஜர்ஸ், செரோக்கி பழங்குடி வம்சத்தவர். 1928-ல் விளையாட்டாக ஜனாதிபதி தேர்தலில் குதித்தார். அவருடைய ஒரே வாக்குறுதி: ஜெயித்தால் ராஜினாமா!

விளையாட்டு வினையானது 1932-ல். சிகாகோவில் ஜனநாயகக் கட்சி மாநாடு. ரூஸ்வெல்ட்டை வேட்பாளராகத் தேர்ந்தெடுத்த அதே மாநாட்டில், ராஜர்ஸுக்கும் ஓட்டு விழுந்தது. ஒன்றிரண்டு இல்லை, 22!

இப்போது என் செல்லக் கண்டுபிடிப்பு. 1934 மார்ச்சில் ஆஸ்கர் விழாவைத் தொகுத்து வழங்கியவர் வில் ராஜர்ஸ். 1935 பிப்ரவரியில் தொகுத்து வழங்கியவர் இர்வின் காப். யார் இந்தக் காப்? ‘ஜட்ஜ் பிரீஸ்ட்’ கதைகளை எழுதியவரே அவர்தான்! ஒரே படத்தின் ஹீரோவும் எழுத்தாளரும் அடுத்தடுத்த இரண்டு ஆஸ்கர் மேடைகளில்!

இன்னும் இருக்கிறது, எழுந்து போய்விடாதீர்கள். 1934 விழாவில் சிறந்த இயக்குநரை அறிவிக்க, “ஃபிராங்க்” என்று செல்லமாகக் கூப்பிட்டார் ராஜர்ஸ். துள்ளி எழுந்து நடந்தார் ஃபிராங்க் காப்ரா. பரிசோ ஃபிராங்க் லாயிடுக்கு! அசடு வழியத் திரும்பிய கதையைக் காப்ராவே பின்னாளில் எழுதினார். மறுவருஷம் காப் தொகுத்த விழாவில் ஆஸ்கர் யாருக்கு? அதே காப்ராவுக்கு!

நீதிபதி பிரீஸ்ட் வெறும் கற்பனை இல்லை! காப் பிறந்த பதூக்கா ஊரில் வாழ்ந்த வில்லியம் பிஷப் என்ற நிஜ நீதிபதிதான் அவருக்கு முன்மாதிரி.

1935-ல் ராஜர்ஸும் காப்பும் ‘ஸ்டீம்போட் ரவுண்ட் தி பெண்ட்’ படத்தில் எதிரெதிர் நீராவிப் படகு கேப்டன்கள்! ராஜர்ஸின் படகு ‘கிளேர்மோர் குயின்’. காப்பின் படகு ‘பிரைட் ஆஃப் பதூக்கா’. இரண்டிலும் அவரவர் ஊர்ப் பெயர்! படம் வெளியானபோது ராஜர்ஸ் உயிரோடு இல்லை. 1935 ஆகஸ்ட் 15, அலாஸ்காவில் விமான விபத்து.

சரி, மறுபடி ‘ஜட்ஜ் பிரீஸ்ட்’ கோர்ட்டுக்கு வாருங்கள். இது கோழித் திருட்டு இல்லை, வேறு வழக்கு. ஜூரி வரிசையில் புகையிலையை மென்று எச்சில் படிக்கத்துக்குக் குறிபார்த்துத் துப்பும் கிழவர், இயக்குநர் ஃபோர்டின் சொந்த அண்ணன் ஃபிரான்சிஸ்!

பாதிரியாராக வந்து உள்நாட்டுப் போர்க் கதை சொல்லும் ஹென்றி வால்தால், 1915-ன் ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ படத்தில் தெற்குப் படையின் குட்டிக் கர்னல். அவர் கதையை அவிழ்க்கும் நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே தெற்கத்திக்காரர்களின் ‘டிக்ஸி’ பாட்டு கிளம்பும். ஏற்பாடு? எதிரி அரசியல்வாதியால் நாற்காலியிலிருந்து இறக்கப்பட்ட நம் நீதிபதி! ஜூரி உருகாமல் என்ன செய்யும்? குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலை! மகா கில்லாடித்தனம்.

வீட்டுப் பணிப்பெண்ணாகப் பாட்டுப் பாடி அசத்தும் ஹாட்டி மெக்டேனியல், ஆஸ்கர் வென்ற முதல் கறுப்பினக் கலைஞர். 1940-ல், பரிசு வாங்கிய அன்றும் சக நடிகர்களோடு உட்கார இடமில்லை; ஓரத்தில் தனி மேஜை!

கோழித் திருட்டில் சிக்கிய ஜெஃப்பாக நடித்த, திரையில் சோம்பேறியாகவே வலம்வந்த ஸ்டெப்பின் ஃபெட்சிட்டின் நிஜப் பெயர் லிங்கன் பெர்ரி. அந்தச் சோம்பேறி வேஷத்துக்காகப் பின்னாளில் கடும் கண்டனம் வாங்கிக் கட்டிக்கொண்டார். நிஜத்திலோ ‘சிகாகோ டிஃபெண்டர்’ பத்திரிகையில் எழுதிய ஆசாமி!

‘ஜட்ஜ் பிரீஸ்ட்’ படத்துக்காக, கறுப்பினத்தவர் ஒருவரை அடித்துக் கொல்ல வரும் கும்பலை நீதிபதி தடுக்கும் காட்சியை ஃபோர்டு படமாக்கினார். ஸ்டுடியோ கத்தரித்துவிட்டது! விட்டாரா மனுஷன்? 19 வருஷம் கழித்து, 1953-ல், அதே நீதிபதியை வைத்து ‘தி சன் ஷைன்ஸ் பிரைட்’ எடுத்து, அந்தக் காட்சியையும் உள்ளே வைத்தார். ஜெஃப் பாத்திரத்தில் மறுபடியும் ஃபெட்சிட்! அண்ணன் ஃபிரான்சிஸும் ஆஜர்!

ராஜர்ஸ் இல்லாததால் நீதிபதி நாற்காலியில் சார்லஸ் வின்னிங்கர். தேர்தல் நாளன்று ஓட்டுக் கேட்பதை விட்டுவிட்டு, ஊர் ஒதுக்கிவைத்த ஒரு பெண்ணின் சவ ஊர்வலத்தில் நடந்து போகிறார்! அவரால் தடுக்கப்பட்ட அந்தக் கொலைவெறிக் கும்பலே திரண்டு வந்து அவருக்கு ஓட்டுப் போடுகிறது! எண்ணிப் பார்த்தால் சரிசமம். அப்போதுதான் ஞாபகம் வருகிறது: நீதிபதி இன்னும் தன் ஓட்டையே போடவில்லை! போட்டார். தனக்கேதான்! வெற்றி வித்தியாசம் 1!