டியூப் மிதக்கும்... நாம?

திருத்தணி வெயிலைப் பத்தி நம்ம பசங்களுக்குப் புதுசா சொல்ல ஒண்ணும் இல்லை. செமஸ்டர் முடியறதுக்கு முன்னாடியே வாட்ஸ்அப் குரூப்ல "தண்ணி எங்கடா இருக்கு?"ன்னு விசாரணை ஆரம்பிச்சிடும். கூடவே ஒரு ரீல்ஸ் சுத்தும். பெரிய ரப்பர் வளையத்துல மல்லாந்து படுத்து, கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு, ஆறு இழுத்துட்டுப் போற பக்கமா மிதந்து போறது. இதுக்குப் பேர் ரிவர் டியூபிங்.

நமக்கு இது ஒண்ணும் வெளிநாட்டுச் சரக்கு இல்லை. விவசாயக் கிணத்துல நீச்சல் பழகின யாரைக் கேட்டாலும் லாரி டியூப் கதை சொல்வாங்க. ஆனா கிணத்துத் தண்ணி நிக்கிற தண்ணி, ஆத்துத் தண்ணி ஓடுற தண்ணி. இந்த ஒரு வித்தியாசத்துல கணக்கு எப்படி மாறுதுன்னு பார்ப்போம்.

ஒரு டியூப் எத்தனை பேரைத் தாங்கும்?

லாரி டியூப் ஒண்ணை எடுத்துக்கோங்க. காத்தடிச்ச பிறகு குழாயோட தடிமன் சுமார் 25 செ.மீ., வளையத்தோட நடுக்கோட்டு விட்டம் சுமார் 75 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கன அளவு போட்டால் ஏறக்குறைய 115 லிட்டர் வரும். ஆர்க்கிமிடீஸ் சொன்னபடி, முழுசா முங்கினால் அது 115 கிலோ தண்ணீரை விலக்கும். டியூபோட சொந்த எடை சில கிலோதான். அதாவது நூறு கிலோவுக்கு மேல் தூக்குவிசை கைவசம் இருக்கு.

நம்ம உடம்புக்கு உண்மையில் எவ்வளவு தேவை? மனித உடம்போட அடர்த்தி கிட்டத்தட்ட தண்ணீரோட அடர்த்திதான். தலையை மட்டும் வெளியே வைத்திருக்க 4, 5 கிலோ தூக்குவிசை இருந்தால் போதும். ஆக, டியூப் கொடுப்பது தேவையைப் போல இருபது மடங்கு. மிதப்பதில் பிரச்சினையே இல்லை. நாம அதன் மேலேயே இருப்போமா என்பதுதான் பிரச்சினை.

லைஃப் ஜாக்கெட்டுக்கும் டியூபுக்கும் என்ன வித்தியாசம்?

லைஃப் ஜாக்கெட்டின் தூக்குவிசை டியூபை விட ரொம்பக் குறைவு. ஆனா அது உடம்போடு கட்டியிருக்கு. டியூப் அப்படி இல்லை. ஓட்டைக்குள்ள உட்கார்ந்தால் புவியீர்ப்பு மையம் கீழே இறங்கி, ஓரளவு நிலையா இருக்கும். அதே டியூபோட விளிம்பில் ஏறி உட்கார்ந்தாலோ, "செல்ஃபி"ன்னு எழுந்து நின்னாலோ, எடை ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒரே புரட்டு.

புரட்டின பிறகு நடப்பதுதான் முக்கியம். ஆள் இறங்கிய டியூப் வெறும் சில கிலோ. கிட்டத்தட்ட முழுசும் தண்ணிக்கு மேல நிக்கும். லேசான காத்து அடிச்சாலே பட்டம் மாதிரி நழுவிப் போகும். நீச்சல் தெரிந்தவரே துரத்திப் பிடிப்பது கஷ்டம். தெரியாதவர் ஆழமான நடு ஆற்றில், கையில் எதுவும் இல்லாமல் நிற்பார். டியூப் மட்டும் பத்திரமா மிதந்து போயிட்டிருக்கும்.

"தண்ணி மெதுவாத்தான் போகுது"

மெதுவா என்றால் எவ்வளவு? நடக்கிற வேகம் என்று வைத்துக்கொண்டால் விநாடிக்கு 1 மீட்டர். அந்த ஓட்டத்தில் இடுப்பளவு தண்ணியில் நிற்கும் ஒருத்தர் மேல், அரை சதுர மீட்டர் பரப்பில், சுமார் 250 நியூட்டன் விசை விழும். அதாவது ஏறக்குறைய 25 கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் விசை நாலு மடங்கு, அதாவது 100 கிலோ. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல வேகத்தின் வர்க்கம்னு மனப்பாடம் பண்ணினது இதுதான்.

நம்ம பக்கத்துத் தண்ணி

கோடையில் நந்தி ஆற்றில் டியூப் விட்டால் மணல்லதான் உருளும். நந்தி ஆறும் கொசஸ்தலை ஆறும் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பி ஓடுறவை. அதனால் கோடையில் கூட்டம் போற இடங்கள் வேற. ஒவ்வொண்ணுக்கும் ஒரு குணம் இருக்கு.

கிருஷ்ணா கால்வாய்: கண்டலேறு அணையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகப் பூண்டிக்கு வருவது. 1983 ஒப்பந்தப்படி, 1996-ல் முதல் தண்ணீர் வந்தது. நம்ம எல்லைக்குள் சுமார் 25 கி.மீ. பார்க்க அமைதியா, நேரா, ரீல்ஸுக்கு ஏத்த மாதிரி இருக்கும். ஆனா கரை என்பது கான்கிரீட் சரிவு. பாசி பிடித்த இடத்தில் பிடிமானமே கிடைக்காது. இறங்குவது சுலபம், ஏறுவதுதான் முடியாது.

தடுப்பணை: மேலிருந்து விழும் தண்ணி அடியில் போய்ச் சுழன்று, மேற்பரப்பில் திரும்பவும் அணையை நோக்கி வரும். சிவில் நண்பர்கள் ஹைட்ராலிக் ஜம்ப் பாடத்தில் பார்த்த அதே சுழல். சிக்கின ஆளைத் திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும். நுரைத் தண்ணியில் காற்று கலந்திருப்பதால் அடர்த்தி குறைவு, தூக்குவிசையும் குறைவு.

மணல் அள்ளின குழி: முழங்கால் ஆழத்தில் நடந்துட்டே இருக்கும்போது அடுத்த அடி தலைக்கு மேல்.

எல்லைக்கு அந்தப் பக்க மழை: இது கோடைக்கு அப்புறம் வர்ற ஆபத்து. ஆந்திராவில் மழை பெய்து கிருஷ்ணாபுரம் அணையில் உபரி நீர் திறந்தால், பள்ளிப்பட்டு பக்கம் தரைப்பாலங்கள் மூழ்கும். இங்க வானம் வெளுப்பா இருந்தாலும் ஆறு ஏறும்.

லாவோஸ் சொல்லும் பாடம்

டியூபிங்குக்கு உலகப் புகழ் பெற்ற ஊர் லாவோஸ் நாட்டின் வாங் வியெங். அங்க ஓடும் நாம் சோங் ஆறு கோடையில் சாதுவான ஆறுதான். ஆனா கரை நெடுக பார்கள், கயிற்று ஊஞ்சல்கள், குடிச்சிட்டுக் குதிக்கும் கூட்டம். சுற்றுலாப் பயணிகள் பலர் இறந்த பிறகு, 2012-ல் அரசாங்கம் அந்தப் பார்களை மூடியது. டியூபிங் இன்னும் நடக்குது. ஆற்றை யாரும் மாற்றவில்லை, கரையில் நடந்ததைத்தான் மாற்றினார்கள். நம்ம ஒகேனக்கல்லிலும் அதே யோசனைதான்: பரிசலில் ஏறினால் லைஃப் ஜாக்கெட், நீர்வரத்து கூடினால் பரிசலுக்குத் தடை.

அப்போ போகவே கூடாதா?

போகலாம். லைஃப் ஜாக்கெட் தந்து, வழிகாட்டி கூட வர்ற இடத்துக்குப் போங்க. எங்கே ஏறணும், எங்கே கரை சேரணும் என்பதை முதலில் நடந்து பாருங்க. கால்வாய், தடுப்பணை, "குளிக்கத் தடை" போர்டு உள்ள இடம் வேண்டவே வேண்டாம். ஒரு டியூபுக்கு ஒரு ஆள். டியூபையும் உங்களையும் கயிற்றால் கட்டிக்காதீங்க, கிளையில் மாட்டினால் ஆளை அடியில் இழுக்கும். உடம்போடு இருக்க வேண்டியது ஜாக்கெட்தான்.

யாராவது தத்தளித்தால், குதிக்காதீங்க. டியூபில் கயிறு கட்டி எறியுங்க. டியூபுக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. டியூப் இல்லையென்றால் வேட்டி, துப்பட்டா, நீளக் குச்சி எதுவானாலும் சரி. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் இளைஞர்கள் நான்கு பேர் மூழ்கினபோது, அங்கிருந்த மூன்று பெண்கள் தங்கள் சேலையை அவிழ்த்து வீசி இரண்டு பேரைக் கரை சேர்த்தார்கள். அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. மற்ற இரண்டு பேரைக் காப்பாற்ற முடியவில்லை.

அதனால் அடுத்த ட்ரிப்புக்கு டியூப் வாங்க பஞ்சர் கடைக்குப் போறவங்க, பக்கத்துக் கடையில் பதினைந்து மீட்டர் நைலான் கயிறும் வாங்கிடுங்க. தீயணைப்பு மீட்பு எண் 101, ஆம்புலன்ஸ் 108. ரெண்டையும் போகும் முன்னாடியே போன்ல சேவ் பண்ணி வைங்க.