மைதானத்துப் பகை, பள்ளிக்கூடத்துப் பழி

"எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தீர்கள்?" ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இந்தக் கேள்வி வெறும் நலம் விசாரிப்பு அல்ல. பதில் 'செயின்ட்' என்று தொடங்கினால் போதும், கேட்டவருக்கு எல்லாம் விளங்கிவிடும்: ஆள் கத்தோலிக்கர், தாத்தா பாட்டி அயர்லாந்திலிருந்து வந்தவர்களாக இருக்கலாம், கால்பந்தில் பச்சை வெள்ளைச் சட்டைக்காரர். ஒரு காலத்தில் கப்பல் கட்டும் தளங்களிலும் இயந்திரப் பட்டறைகளிலும் வேலை தேடிப் போனவர்களிடம் மேஸ்திரிகள் இதைத்தான் கேட்டார்கள். 'செயின்ட்' என்று வாயெடுத்தவனுக்குப் பெரும்பாலும் வேலை இல்லை.

பச்சை வெள்ளை என்றால் செல்டிக் கிளப். நீலம் என்றால் ரேஞ்சர்ஸ், புராட்டஸ்டன்ட்டுகளின் அணி. இரண்டும் மோதும் ஆட்டத்துக்கு 'ஓல்ட் ஃபர்ம்' என்று பெயர். மைதானத்தின் ஒரு பக்கம் ஐரிஷ் மூவர்ணக் கொடியும் எதிர்ப்பக்கம் பிரிட்டனின் யூனியன் ஜாக்கும் பறக்கும். இருபுறமும் எழும் பாட்டுகளில் கால்பந்தைவிட போப்பும் அரச குடும்பமும் ஐரிஷ் குடியரசுப் படையும்தான் அதிகம் வரும். ஆட்டத்தை ஒட்டி அடிதடி நடந்தால் அடுத்த சில நாட்களில் ஒரு பழைய யோசனை மறுபடி கிளம்பும்: அரசுப் பணத்தில் நடக்கும் கத்தோலிக்கப் பள்ளிகளை மூடிவிடுங்கள், எல்லாப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்கட்டும், பகை தானே ஒழிந்துவிடும்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஐந்து வயதில் மதத்தைப் பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்துவிட்டு, இருபது வயதில் அவர்கள் அடித்துக்கொள்கிறார்கள் என்று வருந்துவதில் என்ன பயன் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் இந்தப் பகை வளர்ந்த வழியைப் பின்னோக்கிப் பார்த்தால், பள்ளியின் மேல் சுமத்தப்படும் பழி அங்கே நிற்பதில்லை.

1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகியது. அடுத்த சில ஆண்டுகளில் பட்டினியிலும் நோயிலும் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள்; அதற்கும் அதிகமானோர் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். அவர்களில் பெருங்கூட்டம் கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதிக் குடியிருப்புகளில் வந்து இறங்கியது. அங்கே பிரிட்ஜ்டன் பகுதியில் ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியராக இருந்தவர் பிரதர் வால்ஃப்ரிட், அயர்லாந்தின் ஸ்லைகோ மாவட்டத்தில் பிறந்த மாரிஸ்ட் சபைத் துறவி. வகுப்பில் பசியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு மதிய உணவு போடப் பணம் வேண்டியிருந்தது. அந்தப் பணத்துக்காகத்தான் 1887-ல் செல்டிக் கிளப்பை அவரும் நண்பர்களும் தொடங்கினார்கள். பள்ளிக்கூடத்துப் பசியில் பிறந்த கிளப் அது.

1888 மே 28 அன்று செல்டிக் ஆடிய முதல் ஆட்டமே ரேஞ்சர்ஸோடுதான். செல்டிக் 5-2 என வென்றது. முடிந்ததும் இரண்டு அணியினரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். 1872-ல் சில இளைஞர்கள் விளையாட்டு ஆர்வத்தில் தொடங்கிய ரேஞ்சர்ஸ் அப்போது எந்த மதத்துக்கும் கொடி பிடிக்கவில்லை. 1909-ல் ஹாம்டன் பார்க்கில் இரு அணிகளும் மோதிய ஸ்காட்டிஷ் கோப்பை மறு இறுதியாட்டமும் சமனில் முடிந்து, கூடுதல் நேரம் கிடையாது என்று ஆனபோது கலவரம் வெடித்தது. அன்று இருதரப்பு ரசிகர்களும் ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளவில்லை. சேர்ந்து நின்று டிக்கெட் கூண்டுகளைக் கொளுத்தினார்கள்! அந்த ஆண்டு கோப்பை யாருக்கும் வழங்கப்படவில்லை.

பகை முற்றியது அதன் பிறகுதான். 1912-ல் பெல்ஃபாஸ்ட் நகரின் ஹார்லண்ட் அண்ட் வுல்ஃப் கப்பல் கம்பெனி, ரேஞ்சர்ஸின் ஐப்ராக்ஸ் மைதானத்துக்கு அருகில் உள்ள கோவன் பகுதியில் தளம் திறந்தது. பெல்ஃபாஸ்டிலிருந்து வந்த புராட்டஸ்டன்ட் தொழிலாளர்கள் தங்கள் ஊர்ச் சண்டையையும் கொண்டுவந்தார்கள். அயர்லாந்தின் விடுதலைப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலம் அது. 1923-ல் ஸ்காட்லாந்து திருச்சபையே, ஐரிஷ் இனம் ஸ்காட்டிஷ் தேசியத்துக்கு ஓர் அபாயம் என்ற பொருளில் தலைப்பிட்ட அறிக்கை ஒன்றைத் தன் பொதுச்சபையில் வைத்தது. அதற்காகத் திருச்சபை வருத்தம் தெரிவித்தது 2002-ல்தான்.

முதல் உலகப்போர்க் காலம் தொடங்கி ரேஞ்சர்ஸ் கிளப், தெரிந்தே ஒரு கத்தோலிக்க ஆட்டக்காரரைச் சேர்ப்பதைத் தவிர்த்தது. எழுதப்பட்ட விதி கிடையாது, ஆனால் ஊரறிந்த வழக்கம். 1989 ஜூலையில் மேலாளர் கிரேம் சூனஸ், முன்னாள் செல்டிக் வீரரும் கத்தோலிக்கருமான மோ ஜான்ஸ்டனை ஒப்பந்தம் செய்தபோது, ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் சிலர் மைதான வாசலிலேயே தங்கள் நீலத் துண்டுகளை எரித்தார்கள். பல தலைமுறைப் பகையை ஒரு கையெழுத்து தீர்த்துவிடவில்லை. ஆனாலும் அந்தக் கதவு மறுபடி மூடப்படவும் இல்லை.

செல்டிக்கின் கதை இந்த விஷயத்தில் வேறு. 1967-ல் லிஸ்பனில் ஐரோப்பியக் கோப்பையை வென்ற அணியின் மேலாளர் ஜாக் ஸ்டீன் புராட்டஸ்டன்ட். சிறுவயதில் ரேஞ்சர்ஸ் ரசிகராக இருந்த கென்னி டால்கிலிஷ் செல்டிக்கில் வளர்ந்துதான் பெரிய ஆட்டக்காரர் ஆனார். 1931-ல் ரேஞ்சர்ஸ் வீரரின் முழங்காலில் தலை மோதி, 22 வயதில் உயிரை விட்ட கோல்கீப்பர் ஜான் தாம்சனும் புராட்டஸ்டன்ட் வீட்டுப் பிள்ளைதான். 1936-ல் கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் வீரர் முகமது சலீம், காலில் வெறும் துணிக்கட்டோடு செல்டிக்கின் இரண்டாம் அணிக்கு இரண்டு ஆட்டங்கள் ஆடி எல்லோரையும் அசத்தியதையும் இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதனால் செல்டிக் கேலரி புனிதமானது என்று ஆகிவிடாது. ஐரிஷ் குடியரசுப் படையின் துப்பாக்கிகளைப் போற்றும் பாட்டுகள் அங்கே ஒலித்ததும், அதற்காக வெளியிலிருந்து கண்டனம் எழுந்ததும் எல்லோரும் அறிந்தவை.

இனி பள்ளிக்கூடம். 1872-ல் வந்த சட்டம் ஸ்காட்லாந்தில் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கியது. புராட்டஸ்டன்ட் பிரிவான பிரஸ்பிட்டேரியன் சபைகள் தங்கள் பள்ளிகளைப் பெரும்பாலும் உள்ளூர்ப் பள்ளிக் குழுக்களிடம் ஒப்படைத்தன. அங்கே தங்கள் மதபோதனையே தொடரும் என்பது அவர்களுக்குத் தெரியும். கத்தோலிக்கர்கள் ஒப்படைக்கவில்லை. விளைவு, ஏழையிலும் ஏழையாக இருந்த அந்தச் சமூகம் ஊர்ப் பள்ளிகளுக்கான வரியையும் கட்டியது, தன் பள்ளிகளையும் தானே நடத்தியது. 1918-ல் வந்த கல்விச் சட்டம்தான் இந்த இரட்டைச் சுமையை இறக்கிவைத்தது. கத்தோலிக்கப் பள்ளிகள் அரசின் கைக்கு வந்தன. கட்டடம், சம்பளம், நிர்வாகம் எல்லாம் அரசுடையது. அங்கே மத போதனை தொடரும், ஆசிரியரின் சமய நம்பிக்கைக்கும் நன்னடத்தைக்கும் கத்தோலிக்கத் திருச்சபை ஒப்புதல் தர வேண்டும் என்ற இரண்டு உரிமைகள் மட்டும் திருச்சபையிடம் இருந்தன. இன்றும் அதே ஏற்பாடுதான். நாடு முழுவதும் 350-க்கும் மேற்பட்ட கத்தோலிக்கப் பள்ளிகள் இப்படி அரசுப் பள்ளிகளாக இயங்குகின்றன.

அந்தப் பள்ளிகள் என்ன செய்தன என்று பார்க்க வேண்டும். பட்டறை வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் பிள்ளைகள் அங்கே படித்து ஆசிரியர்களாகவும் மருத்துவர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் ஆனார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பழைய கனரகத் தொழில்கள் சரிந்தன, மேஸ்திரிகளின் அதிகாரமும் அதோடு சரிந்தது. அரசுத் துறைகளும் வெளிநாட்டுக் கம்பெனிகளும் சான்றிதழைப் பார்த்து ஆளெடுத்தன. புத்தாயிரம் தொடங்கும்போது இளம் கத்தோலிக்கர்களுக்கும் மற்றவர்களுக்கும் வேலையிலும் வருமானத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை என்ற நிலை வந்திருந்தது என்று லிண்ட்சே பேட்டர்சன் போன்ற கல்வி ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கலப்புத் திருமணங்கள் சாதாரணமாகிவிட்டன. இதெல்லாம் நடந்தது தனிப் பள்ளிகள் இருக்கும்போதே!

பள்ளிதான் காரணம் என்பவர்கள் லிவர்பூல் நகரைப் பார்க்க வேண்டும். பஞ்சத்தின்போது ஐரிஷ் அகதிகள் கிளாஸ்கோவைவிட அதிகமாக வந்திறங்கிய துறைமுகம் அது. 1909-ல் அங்கே மதக் கலவரம் வெடித்து, குடும்பங்கள் தெருவை விட்டுத் தெரு மாறிப் போயின. கத்தோலிக்கர்களுக்கு எதிராகவே ஒரு புராட்டஸ்டன்ட் கட்சி இருந்தது. அதன் உறுப்பினர்கள் 1970-கள் வரை நகரசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். கத்தோலிக்கப் பள்ளிகளும் ஏராளம், அவையும் அரசு நிதியில். ஆனால் எவர்ட்டன், லிவர்பூல் என்ற இரண்டு கிளப்புகளும் மதத்தால் பிரியவில்லை. எவர்ட்டன் ஒரு மெத்தடிஸ்ட் ஆலயத்தில் பிறந்தது. 1892-ல் மைதான வாடகைத் தகராறில் பிளந்ததில்தான் லிவர்பூல் உருவானது. ஒரே வீட்டில் அண்ணன் சிவப்பு, தம்பி நீலம் என்பது அங்கே சகஜம். அதே பஞ்சம், அதே அகதிகள், அதே தனிப் பள்ளிகள். கால்பந்து மட்டும் வேறு. லிவர்பூலில் எந்தக் கிளப்பும் ஒரு மதத்தாருக்குக் கதவைச் சாத்தவில்லை.

பெல்ஃபாஸ்ட் நிலைமை இரண்டிலிருந்தும் மாறுபட்டது. 1948 டிசம்பரில் புராட்டஸ்டன்ட்டுகளின் அணியான லின்ஃபீல்டுக்கு எதிரான ஆட்டம் முடிந்ததும் மைதானத்துக்குள் பாய்ந்த கூட்டம், பெல்ஃபாஸ்ட் செல்டிக்கின் முன்னணி வீரர் ஜிம்மி ஜோன்ஸின் காலை முறித்தது. ஜோன்ஸ் புராட்டஸ்டன்ட், கத்தோலிக்கர்களின் அணிச் சட்டையைப் போட்டதே அவர் செய்த குற்றம். அடுத்த ஆண்டே அந்தக் கிளப் லீகிலிருந்து விலகியது. வட அயர்லாந்தில் இன்றும் பெரும்பாலான குழந்தைகள் தங்கள் பிரிவுக்குரிய பள்ளியில்தான் படிக்கிறார்கள். 1981-ல் 28 மாணவர்களோடு தொடங்கிய லாகன் கல்லூரி முதல் கலப்புப் பள்ளி. அங்கே கலப்புப் பள்ளிகளுக்கு வலுவான தேவை இருக்கிறது. ஏனென்றால் பள்ளி மட்டுமல்ல, வீடும் தெருவும் வாக்கும்கூடப் பிரிந்து கிடக்கின்றன. கிளாஸ்கோவில் அப்படி இல்லை. மாலையில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே தெருவுக்குத்தான் திரும்புகிறார்கள்.

ஸ்காட்லாந்து அரசு அமைத்த ஆலோசனைக் குழு 2013-லும் 2015-லும் தந்த அறிக்கைகள் இதைத்தான் கூறின. மதப்பிரிவுப் பகை கத்தோலிக்கப் பள்ளிகளிலிருந்து பிறப்பதும் இல்லை, அவற்றை மூடினால் ஒழிவதும் இல்லை என்பது குழுவின் முடிவு.

ஆனாலும் பள்ளிகளைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. அவை வேறு கேள்விகள். 2006-ல் கிளாஸ்கோவின் ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் நாத்திகரான கணித ஆசிரியர் ஒருவர், மாணவர் நலன் சார்ந்த பதவி உயர்வுக்கான நேர்காணலுக்குக்கூட அழைக்கப்படாததை எதிர்த்து வென்றார். நகரசபை 2,000 பவுண்டு இழப்பீடு தர நேர்ந்தது. பொதுப்பணத்தில் சம்பளம் வாங்கும் வேலைக்கு மத நம்பிக்கை தகுதியாகலாமா? 2022 கணக்கெடுப்பில் மக்களில் 51 சதவீதம் பேர் மதம் இல்லை என்று சொன்ன நாட்டில் இது சின்னக் கேள்வி அல்ல. 13 சதவீதம் பேர் கத்தோலிக்கர்கள். அவர்களுடைய பள்ளிகளிலும் இன்று மாணவர் கலவை மாறிவிட்டது. கிளாஸ்கோவின் பொல்லாக்ஷீல்ட்ஸ் பகுதியில் கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளி ஒன்றின் மாணவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். 2017-லிருந்து நியூட்டன் மேர்ன்ஸ் பகுதியில் ஒரு யூதப் பள்ளியும் ஒரு கத்தோலிக்கப் பள்ளியும் ஒரே வளாகத்தில் இயங்குகின்றன.

பகையைத் தணிக்க அரசு வேறு வழிகளையும் பார்த்தது. 1995-ல் செல்டிக் ஆட்டம் பார்த்துவிட்டு வீடு திரும்பிய பதினாறு வயதுச் சிறுவன் கழுத்தறுத்துக் கொல்லப்பட்டான். அவனுடைய பள்ளித் தோழி ஒருவர் தொடங்கிய 'நில் பை மவுத்' அமைப்பு இன்றும் பள்ளிகளுக்குப் போய்ப் பேசுகிறது. 2011-ல் செல்டிக் மேலாளர் நீல் லெனனுக்குப் பார்சல் குண்டுகள் அனுப்பப்பட்டன. மறு ஆண்டு, மைதானத்தில் வெறுப்புக் கோஷம் எழுப்புவதைத் தண்டிக்கத் தனிச் சட்டம் வந்தது; அது பேச்சுரிமையில் கைவைக்கிறது, தெளிவில்லை என்ற எதிர்ப்பில் 2018-ல் ரத்தானது.

எஞ்சியிருப்பது கிளப்புகளின் பொறுப்பு. ரசிகர்களின் வெறுப்புப் பாட்டுக்குக் கிளப்பே பொறுப்பேற்க வேண்டும் என்ற விதியை ஐரோப்பிய ஆட்டங்களில் யூஇஎஃப்ஏ அமைப்பு கடைப்பிடிக்கிறது; 2019-ல் மதவெறிப் பாட்டுகளுக்காக ஐப்ராக்ஸில் 3,000 இருக்கைகளை ஓர் ஆட்டத்துக்கு மூடவும் வைத்தது. அதே விதியை உள்நாட்டு ஆட்டங்களுக்கும் கொண்டுவரும் யோசனை 2013-ல் ஸ்காட்லாந்துக் கால்பந்துச் சங்கத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. கிளப்புகள் அதைத் தோற்கடித்தன.