கரடியோட 'செல்பி' வேணுமா? கிட்டே போனா உயிருக்கே உலை!

2018-ம் ஆண்டு மே மாதம் நடந்த சம்பவம் இது. ஒடிசா மாநிலம் நபரங்பூர் மாவட்டத்தில் கல்யாணத்துக்குப் போய்விட்டு ஒரு டிரைவர் வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் காட்டோரம் ஒரு கரடி தென்பட்டது. உடம்பில் காயம்பட்ட கரடி.

கூட வந்தவர்கள் வேண்டாம் என்று தடுத்தும் கேட்காமல், செல்போனைக் கையில் எடுத்துக்கொண்டு கரடியை நெருங்கினார். 'செல்பி' எடுக்கத்தான்! அடுத்த சில நொடிகளில் கரடி பாய்ந்தது. அந்த இடத்திலேயே அவர் பரிதாபமாக உயிரிழந்தார்.

புலியைப் பார்த்தால் ஓடுகிறோம். யானையைப் பார்த்தால் ஒதுங்குகிறோம். ஆனால் கரடியைப் பார்த்தால் மட்டும் கிட்டே போய்ப் பார்க்கத் தோன்றுகிறது. அது ஏன்?

பொம்மை செய்த மாயம்

குழந்தை கட்டிப்பிடித்துத் தூங்குவது கரடி பொம்மையை. 1902-ம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், கட்டிப்போட்ட கரடியைச் சுட மாட்டேன் என்று மறுத்தார். அவருடைய செல்லப்பெயரில் வந்ததுதான் 'டெடி பியர்' பொம்மை.

நம்ம ஊர் கதையோ அதைவிடப் பழசு. ராமாயணத்தில் ராமருக்குத் துணை நின்றவர் ஜாம்பவான். பயந்த குழந்தைக்குக் கரடி முடி வைத்துத் தாயத்து கட்டும் பழக்கமும் உண்டு. இரண்டு காலில் மனுஷன் மாதிரி நிற்பதும், குட்டியை முதுகில் உப்புமூட்டை தூக்கிப் போவதும் பார்க்கிறவர்களுக்கு ஆசையாகத்தான் இருக்கும்.

தெருவில் கரடி வித்தை பார்த்து வளர்ந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். "அப்போ அது சாதுவாத்தானே ஆடுச்சு?" என்று அவர்கள் கேட்கலாம். அது சாது அல்ல, சித்ரவதை. குட்டியிலேயே தாயிடம் இருந்து பிரித்து, மூக்கில் ஓட்டை போட்டுக் கயிறு மாட்டி, பல்லை உடைத்துத்தான் ஆட வைத்தார்கள். கயிற்றை இழுத்தால் வலி தாங்காமல் துள்ளும். அதைத்தான் நாம் டான்ஸ் என்று நினைத்துக் காசு போட்டோம். 2009-ம் ஆண்டோடு இந்தத் தொழில் இந்தியாவில் முடிவுக்கு வந்தது. மீட்கப்பட்ட கரடிகள் ஆக்ரா, பெங்களூரு அருகே பன்னேர்கட்டா போன்ற இடங்களில் உள்ள மையங்களில் பராமரிக்கப்பட்டன.

பார்வை மந்தம், மூக்கு கூர்மை

நம்ம காட்டில் இருப்பது தேன்கரடி. கறையான், எறும்பு, தேன், பழம் இவைதான் இதற்கு முக்கிய சாப்பாடு. மேல்வரிசையில் நடுவில் 2 பல் கிடையாது. அந்தச் சந்து வழியாகக் கறையானை 'ஸ்ட்ரா' போட்டு உறிஞ்சுகிற மாதிரி உறிஞ்சிவிடும். புற்றைத் தோண்டுவதற்காக 7 முதல் 10 சென்டிமீட்டர் வரை நீளமான நகம் உண்டு. ஆண் கரடி 100 கிலோவைத் தாண்டும்.

"கறையான் தின்கிற பிராணி மனுஷனை ஏன் கடிக்கணும்?" என்ற கேள்வி நியாயமானது. அது நம்மைத் தின்ன வருவதில்லை. பயத்தில்தான் பாய்கிறது.

கரடிக்குப் பார்வை மந்தம். காதும் அவ்வளவு கூர்மை இல்லை. மூக்கு மட்டும்தான் ரொம்ப கூர்மை. புற்றுக்குள் தலையை விட்டு உறிஞ்சும்போது அது போடுகிற சத்தத்தில் வேறு எதுவும் அதற்குக் கேட்காது. காற்று எதிர்ப்பக்கம் அடித்தால், நாம் பக்கத்தில் வந்த பிறகுதான் அதற்குத் தெரியும். மானாக இருந்தால் ஓடிவிடும். புலியோடு ஒரே காட்டில் வாழ்ந்து பழகிய கரடியோ ஓடாது, எதிர்த்து நிற்கும். அதிலும் குட்டியோடு இருக்கும் தாய்க்கரடி என்றால் கேட்கவே வேண்டாம். எழுந்து நின்று நகத்தால் அடிக்கும்போது முகமும் தலையும்தான் முதலில் சிக்கும். உயிர் பிழைத்தவர்கள் பலர் கண், மூக்கு இழந்திருப்பது இதனால்தான்.

கடையத்தில் நடந்தது என்ன?

2022-ம் ஆண்டு நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையம் அருகே பைக்கில் வியாபாரத்துக்குப் போன ஒருவரைக் கரடி தாக்கியது. அவரைக் காப்பாற்றப் போன 2 பேரையும் கடித்துக் குதறியது. 3 பேரும் முகம் சிதைந்து ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர்.

வனத்துறையினர் மயக்க ஊசி போட்டு அந்தக் கரடியைப் பிடித்துக் களக்காடு காட்டுக்குள் கொண்டுபோய் விட்டனர். அங்கே அது இறந்துபோனது. மனுஷனும் கரடியும் மோதினால் ரெண்டு பக்கமும் நஷ்டம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

பழகிய கரடிதான் ஆபத்து

நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர் பக்கம் கரடி ஊருக்குள் வருவது புதுசு அல்ல. 'சிவபூஜையில் கரடி' என்பது மற்ற ஊர்களில் பழமொழி. அங்கே அது நிஜம். கோவில் விளக்கில் இருக்கும் எண்ணெயைக் குடிக்க ராத்திரியில் கதவை உடைத்துக்கொண்டு வரும். கடைக் கதவையும் விட்டு வைப்பதில்லை. குப்பைத்தொட்டியில் கிடக்கும் மிச்சசொச்ச சாப்பாடு, தோட்டத்துப் பேரிக்காய், கொய்யா என்று ருசி கண்ட கரடி திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வரும்.

"தினமும் வருது, ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லி, கிட்டே போய் வீடியோ எடுக்கிறவர்கள் உண்டு. ஆபத்து ஆரம்பிப்பதே அந்த இடத்தில்தான். மனுஷ வாடைக்குப் பழகிய கரடிக்குப் போவது பயம் மட்டும்தான், கோபம் அல்ல.

சத்தீஸ்கர் மாநிலம் மகாசமுந்த் மாவட்டத்தில் பாக்பஹரா அருகே சண்டி மாதா கோவில் இருக்கிறது. சாயங்காலம் ஆனால் காட்டில் இருந்து கரடிகள் இறங்கி வந்து பிரசாதம் சாப்பிடும். பக்தர்கள் கையாலேயே ஊட்டிவிடுவார்கள். இதைப் பார்க்கவே கூட்டம் கூடும். ஆனால் அதே மாவட்டத்தில் 2016 மார்ச்சில், காட்டுக்குள் ஒரு கரடி வனத்துறை ஊழியர் உள்பட 3 பேரைக் கொன்றது. அதைச் சுட்டுக் கொல்ல வேண்டியதாயிற்று. பிரசாதம் வாங்கும் கரடியும் அந்தக் கரடியும் ஒரே இனம்தான்.

13 வருஷ நட்பு

"நான் ரொம்ப நாளா பழகுறேன், என்னை ஒண்ணும் செய்யாது" என்று நினைத்த இன்னொருவர் அமெரிக்காவைச் சேர்ந்த டிமோதி டிரெட்வெல். அலாஸ்காவில் உள்ள கட்மாய் தேசியப் பூங்காவில் 13 கோடைக்காலங்கள் பழுப்புக் கரடிகளுக்கு நடுவே கூடாரம் போட்டுத் தங்கினார். கரடிகளுக்குப் பெயர் வைத்தார், தொட்டுப் பார்த்தார். தற்காப்புக்கான மிளகு ஸ்பிரே கூட வேண்டாம் என்றார்.

2003-ம் ஆண்டு அக்டோபரில், வழக்கமாக ஊர் திரும்பும் காலம் தாண்டியும் அங்கே தங்கினார். பனிக்காலத்துக்கு முன்பு கரடிகள் பசியோடு இரை தேடி அலையும் நேரம் அது. அவரையும் அவருடைய காதலியையும் ஒரு கரடி கொன்று தின்றது. உடலை மீட்கப் போன இடத்தில் 2 கரடிகள் சுடப்பட்டன. யாரைக் காப்பாற்றுகிறேன் என்று போனாரோ, அந்தக் கரடிகளே அவரால் செத்தன.

கரடி வந்தால் என்ன செய்யணும்?

காட்டை ஒட்டிய எஸ்டேட்டுக்கு விடிகாலையில் வேலைக்குப் போகிறவர்களும், விறகு பொறுக்கப் போகிறவர்களும் கண்டிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை:

* தனியாகப் போகாதீர்கள். நாலு பேராக, சத்தமாகப் பேசிக்கொண்டே போங்கள். ஆள் வருவது முன்கூட்டியே தெரிந்தால் கரடியே பெரும்பாலும் விலகிவிடும்.

* இருட்டில் டார்ச் லைட் இல்லாமல் வெளியே போகாதீர்கள்.

* தூரத்தில் கரடியைப் பார்த்தால் கல் எறியாதீர்கள், கூட்டம் கூடாதீர்கள். வந்த வழியே மெதுவாகப் பின்வாங்குங்கள்.

* ஓடாதீர்கள். கரடி நம்மைவிட வேகமாக ஓடும்.

* மரம் ஏறித் தப்பிக்கலாம் என்பது பாட்டி கதைக்குச் சரி. தேன்கரடி நன்றாக மரம் ஏறும்.

* பாய்ந்தே விட்டால் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் பிடரியை மூடிக்கொள்ளுங்கள். முகமும் கழுத்தும் தப்பினால் உயிர் பிழைக்க வழி உண்டு. கரடி விலகிப் போகும்வரை அசையாதீர்கள்.

* மிச்ச சாப்பாட்டை வீட்டு வாசலில் கொட்டாதீர்கள். கரடிக்குச் சாப்பாடு வைக்கவே வைக்காதீர்கள்.

தாயத்துக்குக் கரடி முடி, நகம் வாங்குவதும் குற்றம்தான். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு இது. கரடியை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை ஜெயில், அபராதம் தனி.

கரடியைப் பிடிக்கும் என்றால் தூர நின்று பாருங்கள், தப்பில்லை. செல்போனில் போட்டோ சரியா விழாவிட்டால் பரவாயில்லை. சாயங்காலம் நீங்கள் முழுசாக வீடு திரும்ப வேண்டும், கரடியும் முழுசாகக் காடு திரும்ப வேண்டும்.