நாட்பட்ட பீனிசமும் நிபுணர் சிகிச்சையும்

கூட்டுறவுச் சங்கங்களின் கடன் பதிவேடுகளைத் தணிக்கை செய்வோர் கண்ணில் அடிக்கடி படும் காரணம் ஒன்று உண்டு; அது வைத்தியச் செலவு. பெருநோய் கண்ட குடும்பம் கடன்படுவதில் வியப்பில்லை. ஆனால் மூக்கடைப்பு, தலைப்பாரம், ஓயாத சளி என்று சிறிதாகத் தொடங்கும் தொல்லைக்கும் ஆண்டுக்கணக்கில் பணத்தை இறைத்து, முடிவில் நகையை அடகு வைக்கும் அங்கத்தினர்கள் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களுள் பலர் உரிய நிபுணரை ஒருமுறையேனும் கண்டிராதவர்கள். இக்குறை நீங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒலக்கூர் வட்டாரத்து உழவருக்கு மல்லாட்டைக் களத்தின் புழுதியும் நெல் தூற்றும்போது எழும் தூசியும் பழக்கமானவை. நெசவாளருக்குத் தறியடியிலே பறக்கும் பஞ்சுத் தூசி. ஆகவே மூக்கு ஒழுகினால், "தூசிதானே, தானாகப் போய்விடும்" என்று இருந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. தூசி பல சமயம் காரணமாக இருக்கலாம். ஆனால் அதுவே எப்போதும் முழுக் காரணம் ஆகாது.

காற்றறைகளின் வேலை

நம் முக எலும்புகளுக்குள் மூக்கைச் சூழ்ந்து நான்கு ஜோடிக் காற்றறைகள் உள்ளன. நெற்றியில் ஒரு ஜோடி, கன்னங்களில் ஒரு ஜோடி, கண்களுக்கிடையே தேன்கூடு போன்ற சிற்றறைகள், அவற்றுக்கும் பின்னே மண்டையின் நடுப்பகுதியில் ஒரு ஜோடி. இவற்றைத்தான் சைனஸ் என்கிறோம். இவற்றின் உட்புறச் சவ்வில் சுரக்கும் சளியைக் கண்ணுக்குப் புலனாகாத நுண்மயிர்கள் ஓயாமல் தள்ளி, சிறு துவாரங்களின் வழியே மூக்கினுள் சேர்க்கின்றன.

கன்னத்து அறையின் துவாரம் அடியில் இல்லை, மேற்புறத்தில் இருக்கிறது. கிணற்று நீரை ஏற்றம் இறைப்பதுபோல் நுண்மயிர்கள் சளியை மேலே ஏற்றியாக வேண்டும். ஒவ்வாமையாலோ சதை வளர்ச்சியாலோ துவாரம் வீங்கி அடைபட்டால், மதகு அடைபட்ட ஏரிபோல் சளி உள்ளே தேங்கும். தேங்கியதில் கிருமி பெருகும். நம் முன்னோர் பீனிசம் என்று சொன்ன தொல்லைகளுள் பெரும்பகுதி இதுவே.

முற்காலத்து அறுவை வைத்தியர்கள் கன்னத்து அறையின் அடிப்புறத்தில் புதுத் துளை இட்டுப் பார்த்தனர். துளை திறந்திருந்தும் பலருக்கு நோய் தீரவில்லை. இதன் காரணத்தைத் தெளிவாக்கியவர் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்து மருத்துவர் வால்டர் மெஸ்ஸர்க்ளிங்கர். புதுத் துளை எங்கே இருந்தாலும் நுண்மயிர்கள் சளியை இயற்கைத் துவாரத்தை நோக்கியே கொண்டு செல்கின்றன என்பதை அவர் கண்டார். ஆகவே இயற்கைத் துவாரத்தைச் சீர்ப்படுத்துவதே முறை என்றாயிற்று. ஹரால்டு ஹாப்கின்ஸ் என்ற ஆங்கில இயற்பியல் அறிஞர் வகுத்த கண்ணாடித் தண்டு அமைப்பால், சுமார் 4 மில்லிமீட்டர் பருமனுள்ள உள்நோக்குக் குழாய் இதற்குக் கிடைத்தது. முகத்தில் கீறல் இன்றி மூக்கின் வழியாகவே செய்யும் இச்சிகிச்சை 1980-களுக்குப் பின் உலகெங்கும் பரவியது.

பெயர் ஒன்று, நோய் பல

சாதாரண ஜலதோஷம் ஏழு அல்லது பத்து நாட்களில் தணியும். பத்து நாட்களுக்கு மேலும் தணியாவிட்டாலோ, குறைந்தது மீண்டும் கடுமையானாலோ மருத்துவரைக் காண வேண்டும். அடைப்பும் சளியும் முகபாரமும் 12 வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட நோய். அதற்குக் காது மூக்கு தொண்டை நிபுணரின் ஆராய்ச்சி அவசியம்.

ஏனெனில், "சைனஸ்" என்று நாம் சொல்லிக்கொள்ளும் தலைவலி பலருக்கு உண்மையில் ஒற்றைத் தலைவலியாக இருக்கும். மேல் கடைவாய்ப் பல்லின் சொத்தையால் ஒரு பக்கத்து மூக்கில் மட்டும் துர்நாற்றச் சளி வருவதுண்டு. சிலருக்கு ஒவ்வாமை, சிலருக்குப் பூஞ்சை, சிலருக்கு மூக்கினுள் சதை வளர்ச்சி. ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு.

நிபுணர் உள்நோக்குக் குழாயால் பார்த்து, தேவையானால் சி.டி. படம் எடுக்கச் சொல்வார். பெரும்பாலோர்க்கு உப்புநீர் கழுவலும் மூக்கில் தெளிக்கும் மருந்துமே முதற் சிகிச்சை. அவை பயன்படாதபோதே அறுவை. மூக்குத் தண்டு சற்று வளைந்திருப்பது பலருக்கு இயல்பு. வளைவு இருப்பதனாலேயே அறுவை தேவை என்று கொள்ள வேண்டியதில்லை. அறுவைக்குப் பின்னும் சதை மீண்டும் வளரக்கூடும். ஆகவே மருந்தையும் மறுபார்வையையும் இடையில் நிறுத்தலாகாது.

காலந்தாழ்த்தக் கூடாத குறிகள்

கண் வீக்கம், இரட்டைப் பார்வை, பார்வை மங்கல், கடுங்காய்ச்சலோடு கூடிய தலைவலி, கன்னத்தில் மரமரப்பு, அண்ணத்திலோ முகத்திலோ கருமை ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவமனை செல்க. 2021-ஆம் ஆண்டு கொரோனாக் காலத்தில் கருப்புப் பூஞ்சை நோய், குறிப்பாக நீரிழிவு உள்ளோரைத் தாக்கிப் பலருடைய கண்ணையும் உயிரையும் பறித்ததை நாம் மறக்கலாகாது. ஒரு பக்கத்தில் மட்டும் நீங்காத அடைப்போ இரத்தம் கலந்த சளியோ இருப்பின், கட்டி உண்டா என்று தாமதமின்றி ஆராய வேண்டும்.

வீட்டில் செய்வதும் செய்யாததும்

கடையில் கிடைக்கும் அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தை ஐந்தாறு நாட்களுக்கு மேல் இடுவது தீங்கு. பின்னர் அம்மருந்தே அடைப்பை உண்டாக்கும். மிச்சம் வைத்த கிருமிக்கொல்லி மாத்திரைகளையும் தாமாக விழுங்கலாகாது. மூக்கைக் கழுவ, கொதித்து ஆறிய நீர் கால் லிட்டருக்கு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான உப்புப் போதும். குளத்து நீரையோ கொதிக்க வைக்காத குழாய் நீரையோ மூக்கினுள் விடவே கூடாது. மூளையைத் தாக்கும் அமீபா அவ்வழியே நுழையக்கூடும். களத்திலும் தறியடியிலும் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்வது நன்று.

எங்கே செல்வது?

அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ திண்டிவனம் அரசு மருத்துவமனையிலோ முதலில் காட்டிச் சீட்டுப் பெறலாம். 2010-இல் தொடங்கிய விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை முண்டியம்பாக்கத்தில் இருக்கிறது. ஒலக்கூர், திண்டிவனம், முண்டியம்பாக்கம் மூன்றும் சென்னை–விழுப்புரம் இருப்புப்பாதையிலேயே உள்ளன என்பது நமக்கு வசதி. திண்டிவனத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் புதுச்சேரி ஜிப்மரும் உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை உடையோர், தமக்குக் கூறப்பட்ட சிகிச்சை அத்திட்டத்தில் அடங்குமா என்பதை, கடனுக்கு மனுச் செய்யுமுன்னரே மருத்துவமனை அலுவலரிடம் கேட்டறிவது நலம்.

சங்கங்களும் இதில் ஒரு கடமை ஆற்றலாம். அரசு மருத்துவமனைகளின் வெளிநோயாளர் பிரிவு நடைபெறும் நேரத்தைக் கேட்டறிந்து, அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தல் செலவில்லாத காரியம். தக்க இடத்திற்குத் தக்க காலத்தில் ஓர் அங்கத்தினரை அனுப்பி வைப்பது, பிற்பாடு அவருக்குக் கடன் வழங்குவதினும் மேலான உதவியாகும்.